படித்துவிட்டுப் பேசலாம்! அரபுக் கதைகளுக்கு ஒரு வாசகர் வட்டம்

1994, அக்டோபர் மாதம். எகிப்தின் கெய்ரோ நகரம். 82 வயதுப் பெரியவர் ஒருவர் வாராவாரம் நடக்கும் நண்பர்கள் கூட்டத்துக்குக் கிளம்பி, வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தார். அருகில் வந்த இளைஞன் ஒருவன் அவர் கழுத்தில் கத்தியால் குத்தினான்.

அந்தப் பெரியவர், நகிப் மஹ்ஃபூஸ். 1988-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அரபு மொழியில் எழுதி அந்தப் பரிசை வென்ற முதல் எழுத்தாளர். 1959-ல் அவர் எழுதிய ஒரு நாவல் மதத்தை அவமதிக்கிறது என்று பல வருடங்களாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தாக்கிய இளைஞன் அந்தப் பேச்சைத்தான் கேட்டிருந்தான். மஹ்ஃபூஸின் புத்தகம் எதையும் அவன் படித்ததில்லை என்பது பிறகு தெரியவந்தது.

மஹ்ஃபூஸ் உயிர் பிழைத்தார். ஆனால், எழுதும் கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. பார்வையும் காதும் ஏற்கெனவே மங்கியிருந்தன. படிக்க முடியாது, எழுதுவதும் சிரமம் என்ற அந்த நிலையிலும் அவர் விடாத பழக்கம் ஒன்று உண்டு. அது நண்பர்கள் கூட்டம். நண்பர்கள் அவரை அழைத்துப் போய் உட்கார வைத்து, காதருகே சத்தமாகப் பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். 2006-ல் 94 வயதில் மறையும் வரை கூட்டம்தான் அவருக்குப் புத்தகம்.

படிக்காமலே தீர்ப்பு எழுதிய ஒருவன். படிக்க முடியாமல் போன பிறகும் பேச்சைத் தேடிப் போன ஒருவர். வாசகர் வட்டம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த இருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கூடிப் பேசும் மரபு

அரபு நாடுகளுக்கு இது புதிதல்ல. 1910-களில் கெய்ரோவில் மே ஸியாதா என்ற பெண் எழுத்தாளர் செவ்வாய்க்கிழமைதோறும் தன் வீட்டில் இலக்கியக் கூட்டம் நடத்தினார். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றி விவாதித்தார்கள். பார்வையற்றவரான பேரறிஞர் தாஹா ஹுசைனும் அங்கே வந்தவர்களில் ஒருவர்.

ஈராக்கின் பாக்தாத்தில் முதனப்பி தெரு என்று ஒரு புத்தகக் கடைத்தெரு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தரையிலேயே புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள். வாங்கியவர்கள் அங்குள்ள பழைய டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். 2007 மார்ச் 5-ல் அந்தத் தெருவில் கார் குண்டு வெடித்தது. டீக்கடைக்காரர் தன் நான்கு மகன்களையும் ஒரு பேரனையும் பறிகொடுத்தார். பிறகு அதே இடத்தில் கடையைத் திரும்பத் திறந்தார். வாசகர்கள் திரும்ப வந்தார்கள்.

நமக்கு எதற்கு அரபு இலக்கியம்?

தமிழ்நாட்டில் வளைகுடாவோடு தொடர்பில்லாத ஊர் குறைவு. அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ துபாயிலும் குவைத்திலும் மஸ்கட்டிலும் இருபது வருடம் வேலை பார்த்திருப்பார். பேரீச்சம்பழமும் அத்தரும் வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால், அந்த ஊர்க்காரர்கள் எதற்குச் சிரிப்பார்கள், எதை நினைத்து ராத்திரி தூங்காமல் கிடப்பார்கள் என்று கேட்டால், அங்கேயே இருந்தவருக்குக்கூடச் சொல்லத் தெரியாது. முதலாளி வீட்டு வாசல் வரைதான் பழக்கம். மிச்சம் எல்லாம் செய்தியில் பார்த்தது, யாரோ சொன்னது.

மொழி மட்டும் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. வசூல், பாக்கி, நகல், அசல், வாரிசு, வக்கீல் எல்லாமே அரபியிலிருந்து வந்து நம் வாயில் ஊறிய சொற்கள். சொற்கள் வந்த அளவுக்குக் கதைகள் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நல்ல வழி, மாதம் ஒரு நாவல் என்று படிக்கும் ஒரு வட்டத்தில் சேர்வது.

எதில் தொடங்கலாம்?

முதல் மாதமே மஹ்ஃபூஸின் 'கெய்ரோ மூன்று நாவல்கள்' தொகுதியை எடுத்தால் வட்டம் கலைந்துவிடும். 1956, 57-ல் வெளியான அந்த மூன்றும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். சின்னதாகத் தொடங்குவதே நல்லது.

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'சூரியனில் மனிதர்கள்' ஒரே ராத்திரியில் படித்துவிடக்கூடிய குறுநாவல். பிழைப்புக்காகக் குவைத் போக நினைக்கும் மூன்று பேர், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து பாலைவன எல்லையைக் கடக்கப் பார்க்கிறார்கள். முடிவைச் சொன்னால் கதை கெட்டுவிடும். 1972-ல் இது திரைப்படமானபோது அந்த முடிவில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். எது சரி என்று ஒரு மாலை முழுவதும் வாதாடலாம்.

அடுத்து, ஓமான் எழுத்தாளர் ஜோகா அல்ஹார்த்தியின் நாவல். ஆங்கிலத்தில் 'செலஸ்டியல் பாடிஸ்' என்ற பெயரில் வந்தது. ஒரு கிராமத்தில் மூன்று சகோதரிகள், அவர்களின் கல்யாணங்கள், அவற்றுக்குப் பின்னால் அடிமை முறையின் நிழல். ஓமானில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1970-ல்தான். 2019-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்ற இந்த நாவல்தான், அரபியில் எழுதப்பட்டு அந்தப் பரிசை வென்ற முதல் படைப்பு. பரிசுத் தொகையான 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளர் மர்லின் பூத்தும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டு பக்கமும் பார்ப்போம்

வட்டத்தில் ஒருமுறையாவது ஜோடியாகப் படிக்க வேண்டிய புத்தகங்கள் இரண்டு.

ஒன்று, குவைத் எழுத்தாளர் ஸவூத் அல்ஸனூஸியின் 'மூங்கில் தண்டு'. 2013-ல் அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசு பெற்றது. குவைத் வீட்டு இளைஞனுக்கும் அங்கே வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் பிறந்த பையனின் கதை. அம்மாவோடு பிலிப்பைன்ஸில் வளர்ந்தவன் பெரியவனாகி அப்பாவின் ஊருக்கு வருகிறான். பாட்டிக்குப் பேரன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. இந்தப் பாட்டியை நம் தெருவிலும் பார்த்திருப்போம்.

இன்னொன்று, பென்யாமின் மலையாளத்தில் 2008-ல் எழுதிய 'ஆடுஜீவிதம்'. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியில் சிக்கிக்கொண்ட தொழிலாளியின் கதை. ஒன்று வீட்டுக்குள்ளிருந்து எழுதியது. மற்றது வேலி ஓரத்திலிருந்து எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு 'அரபுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று ஒரே வரியில் சொல்ல வாய் வராது.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அன்று கூட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அவர் வாழ்க்கையில் ஒரு நாவல்கூடப் படித்திருக்க மாட்டார். ஆனால், நாவலில் வரும் வெயில் எப்படிச் சுடும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சேரும் முன் சில யோசனைகள்

* ஊர் நூலகத்திலோ புத்தகக் கடையிலோ வட்டம் நடக்கிறதா என்று விசாரிக்கலாம். இல்லையென்றால் நான்கு பேர் போதும், ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடலாம். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் சேரலாம்.

* 240 பக்க நாவலுக்கு ஒரு மாதம் கொடுத்தால் தினமும் எட்டுப் பக்கம்தான். பஸ் பயணத்திலேயே முடிந்துவிடும்.

* ஒரு மாதம் அரபு, அடுத்த மாதம் வேறொரு நாடு என்று மாற்றி மாற்றி வைத்தால் சலிக்காது. அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசு 2008 முதல் தரப்படுகிறது. அதன் ஒவ்வொரு வருடப் பட்டியலும் புத்தகம் தேர்ந்தெடுக்க உதவும்.

* பெயர்கள் குழப்பும். 'அபூ' என்றால் அப்பா, 'உம்மு' என்றால் அம்மா, 'பின்' என்றால் மகன், 'பின்த்' என்றால் மகள். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு, ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொள்ளலாம்.

* மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது. தமிழில் கிடைத்தால் தமிழிலேயே படிக்கலாம். கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் தமிழிலும் படித்திருந்தால் ஒப்பிட்டுப் பேச வசதி.

* படித்து முடிக்காதவர்களும் வரலாம், கேட்கலாம். 'பிடிக்கவில்லை' என்றும் சொல்லலாம். ஆனால், எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.

மஹ்ஃபூஸைக் குத்திய இளைஞனுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அவர் போகவிருந்த கூட்டத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'இந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதியது தப்பு' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். பெரியவர் பதில் சொல்லியிருப்பார். ஆனால், அதற்கு முதலில் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும்.