வாத்தியார்களுக்கு வாத்தியார்கள் போடும் ஓட்டு

ஐரிஷ் நடனம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரிவர்டான்ஸ். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் பெரிய போட்டி உலகம் ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சுருள்முடி விக் வைத்துக்கொண்டு ஆடுகிற ‘ஃபெஷ்’ போட்டிகள், அதற்கு மேலே வட்டார ‘இரக்தஸ்’, அதற்கும் மேலே 1970 முதல் நடந்துவரும் உலகப் போட்டி. இதையெல்லாம் ஆள்கிற அமைப்புகளில் மூத்தது, கேலிக் லீக் உருவாக்கிய அன் கொமிஷூன் லெ ரிங்கீ கேலகா. சுருக்கமாகக் கொமிஷூன் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே வட்டார மன்றங்கள். வட அமெரிக்காவில் ஆசிரியர் சங்கம் ஏழு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு ஐந்து, கனடாவுக்கு இரண்டு.

இந்த மன்றங்களில் உட்காருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? பதிவுபெற்ற ஆசிரியர்களும் நடுவர்களும். நிற்பதும் அவர்களே, ஓட்டுப் போடுவதும் அவர்களே. நடுவராக வேண்டுமென்றால் முதலில் ஆசிரியர் தகுதி வேண்டும். ஆக, பள்ளி நடத்துகிறவர், பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறவர், இன்னொரு ஊரில் மதிப்பெண் போடுகிறவர், போட்டி விதிகளை எழுதுகிறவர், விதி மீறினால் விசாரிக்கிறவர் என எல்லாரும் ஒரே சிறு வட்டம். இதைத் தேர்தல் என்கிறார்கள். நான் இதைக் குடும்பக் கூட்டம் என்பேன்.

‘ஓட்டுப் போட்டுத்தானே வர்றாங்க, அதில் என்ன குறை?’ என்று கேட்கலாம். மதிப்பெண் முறையைப் பார்த்தால் குறை எங்கே என்று புரியும். நடுவர் போடும் மதிப்பெண் அப்படியே கூட்டப்படுவதில்லை, அவர் கொடுத்த இடத்தைப் பொறுத்து மாற்றப்படுகிறது. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாமிடத்துக்கு 65. மூன்று நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு மூவரும் இரண்டாமிடம் தருகிறார்கள், மொத்தம் 225. இன்னொருத்திக்கு ஒருவர் முதலிடம், மற்ற இருவர் மூன்றாமிடம் தருகிறார்கள், மொத்தம் 230. இருவர் கண்ணுக்குப் பின்தங்கியவள், ஒருவர் தயவில் முன்னுக்கு வந்துவிடுகிறாள். ஒற்றை நடுவருக்கு இவ்வளவு பலம். தன் சொந்த மாணவருக்கு மதிப்பெண் போடக்கூடாது என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் இன்று உன் பிள்ளைக்கு நான், நாளை என் பிள்ளைக்கு நீ என்பதை எந்த விதி தடுக்கும்? அதைத் தடுக்க வேண்டிய மன்றத்துக்கு ஓட்டுப் போடுவதே இந்த ‘நானும் நீயும்’தானே!

2022 அக்டோபரில் இது வெளியே வெடித்தது. ஆசிரியர்களும் நடுவர்களும் முடிவுகளைப் பேசி வைத்துக்கொண்டதாகக் குறுஞ்செய்திப் படங்களோடு புகார்கள் செய்தித்தாளுக்கு வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வெளியிலிருந்து கூப்பிட்டு மேற்பார்வை செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் விசாரித்தால் ஊர் நம்பாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு புகாருக்கு மட்டும் வெளி ஆள் வேண்டும், மற்ற நாட்களில் வேண்டாமா?

ஆசிரியர்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். ‘பெற்றோருக்கு நடனத்தைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் எங்கள் நேரத்தைக் கொடுத்துத்தானே இந்தக் கலையைக் காப்பாற்றுகிறோம்?’ உழைப்பை நான் மறுக்கவில்லை. எந்த அடவு சரி, எந்தத் தாளம் பிசகியது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு வழக்கு, நடுவர் நியமனம், புகார் விசாரணை இவற்றுக்கு அடவு தெரிய வேண்டியதில்லை, நேர்மை தெரிந்தால் போதும். வகுப்புக் கட்டணம், உடை, விக், விமான டிக்கெட் எல்லாம் பெற்றோர் பாக்கெட்டிலிருந்து போகிறது. காலில் கொப்புளம் பிள்ளைக்கு. ஓட்டு மட்டும் வாத்தியாருக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1969இல் நிர்வாகத்தைப் பற்றிய சண்டையில்தான் ஒரு பகுதி ஆசிரியர்கள் கொமிஷூனை விட்டுப் பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்களை ஆளாதே என்கிற நியாயம் அவர்களுக்குத் தெரியாததல்ல. அதே நியாயம் ஆடுகிறவர்களுக்கும் உண்டு. ஒலிம்பிக்கில் 1996 முதல் வீரர்களே தங்கள் பிரதிநிதிகளை ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நான் கேட்பது நாலே விஷயம். மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பதினெட்டு வயது தாண்டிய ஆட்டக்காரர்களுக்கும் பெற்றோருக்கும், அவர்கள் ஓட்டிலேயே. மன்றத்தில் இருக்கும் காலத்தில் நடுவர் நாற்காலி கிடையாது. இரண்டு தவணைக்கு மேல் யாருக்கும் இடமில்லை. புகார் விசாரணை முழுக்க வெளியாட்கள் கையில்.

இதனால் நல்ல ஆசிரியருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தன் மாணவி ஜெயித்தபோது ‘யாரைப் பிடித்தாய்?’ என்று யாரும் கேட்காத நாள் அவருக்குத்தான் முதலில் வேண்டும்.