ஆயர் வருகிறார், யாரைக் கேட்டு?

மே மாதம் வந்தால் சி.எஸ்.ஐ. சபைகளில் இரண்டு விசேஷங்கள் நடக்கும். ஒன்று பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. இன்னொன்று ஆயரை வழியனுப்பும் கூட்டம். சால்வை, மாலை, ஃபிரேம் போட்ட வாழ்த்துமடல், குரூப் போட்டோ, கடைசியில் பிரியாணி. அடுத்த வாரமே ஆயர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நிற்கும். பீரோ, கட்டில், புத்தக மூட்டைகளோடு புது ஆயர் குடும்பம் இறங்கும். அவர் யார், எப்படிப் பேசுவார், எதில் கெட்டிக்காரர் என்பதெல்லாம் சபையில் பலருக்கு அவரைப் பார்த்த பிறகுதான் தெரியும். (டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வந்த அன்றே பழைய சபைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி எல்லா சபையிலும் உண்டு. அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

அமெரிக்காவில் எபிஸ்கோபல் சர்ச் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சி.எஸ்.ஐ.யும் ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒருவகையில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி. அங்கே ஒரு சபைக்குப் புது ரெக்டர் வருவது என்றால் லேசில் முடியாது. ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் இழுக்கலாம்.

முதலில் பழைய ரெக்டர் விடைபெறுவார். பேராயரின் அலுவலகத்திலிருந்து இதற்கென்றே இருக்கும் ஒருவர் வந்து வழிமுறையைச் சொல்லிக் கொடுப்பார். இடைக்காலத்துக்கு ஒரு குருவானவர் ஏற்பாடாவார். வெஸ்ட்ரி என்று அழைக்கப்படும் சபைக் கமிட்டி ஒரு தேடல் குழுவை அமைக்கும். கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் குழு உடனே ஆளைத் தேடக் கிளம்பாது. பல மாதங்கள் தன் சபையைத்தான் முதலில் தேடும். சபையாரிடம் கேள்வித்தாள் கொடுப்பார்கள், சின்னச் சின்னக் கூட்டம் போடுவார்கள். எத்தனை பேர் ஆராதனைக்கு வருகிறார்கள், காணிக்கை எவ்வளவு, கட்டடத்தில் எங்கே ஒழுகுகிறது, போன முறை எதில் சண்டை வந்தது, இந்த ஊர் பத்து வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு 'சபை விவரக் குறிப்பு' தயாரிப்பார்கள். சம்பளம், வீடு வரை அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் குருவானவர்கள் விண்ணப்பிப்பார்கள். பிறகு நேர்காணல், ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பது, வெஸ்ட்ரியில் ஓட்டெடுப்பு, பேராயரின் சம்மதம், ஒப்பந்தக் கடிதம். ஒருமுறை ரெக்டர் ஆகிவிட்டால் வெஸ்ட்ரி நினைத்த மாத்திரத்தில் அவரை அனுப்பிவிடவும் முடியாது.

படிக்கும்போதே இங்குள்ள சில பேருக்கு ஏக்கம் வரும். 'நமக்கும் இப்படி ஒரு உரிமை இருந்தால் எப்படி இருக்கும்!' கொஞ்சம் பொறுங்கள். அந்த உரிமை அங்கேயும் எல்லாருக்கும் கிடையாது. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் சபைக்குத்தான் ரெக்டரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம். பேராயத்தின் உதவியில் ஓடும் சின்ன சபைகள் 'மிஷன்' என்ற கணக்கில் இருக்கின்றன. அங்கே விகார் என்ற பெயரில் பேராயர்தான் ஆளை நியமிக்கிறார். காசு இருக்கிற வீட்டுப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதம் சொல்லலாம், இல்லாத வீட்டுப் பெண் அப்பா காட்டியவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது போல.

அதனால் இங்கே இருக்கும் இடமாற்ற முறையை ஒரேயடியாகத் திட்டவும் கூடாது. சென்னைப் பேராயத்துக்குள் வரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஓலைக் கூரையிலிருந்து ஓட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் மாறிய கிராமக் காலனி கோயில்கள் உண்டு. ஆயரை 'அழைக்கும்' முறை இருந்தால், சென்னை நகரத்துப் பெரிய சபையை விட்டுவிட்டு இந்தக் கிராமங்களுக்கு யார் விண்ணப்பம் போடுவார்கள்? இடமாற்றம் என்பதால்தான் நல்ல படிப்பாளியான ஓர் ஆயர் மூன்று கிராமத்துக்கும் சேர்த்து ஒரு டூ வீலரில் சுற்றுகிறார். இடமாற்ற முறையின் ஆகப் பெரிய தர்மம் இதுதான். அதைக் கைவிடச் சொல்வது பணக்கார சபைகளுக்கு மட்டும் நல்லது செய்யும்.

ஆனாலும் அந்த நீளமான அமெரிக்க நடைமுறையில் இங்கே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லை அது. அதற்கு முந்தைய வேலை. 'நாங்கள் யார்' என்று சபை உட்கார்ந்து எழுதுகிறதே, அது.

இந்த வேலை வேறு எங்கேயும் விட ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதிக்குத்தான் அவசரம். ஏனென்றால் இங்கே ஒரு ஆயர் வந்து அடுத்தவர் வருவதற்குள் ஊரே மாறிவிடுகிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006ல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012ல் டைம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரே வளாகத்தில் ஒரு சின்ன டவுன்!

இப்படிப்பட்ட இடத்தில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் யார் யாரெல்லாம் உட்காரலாம் என்று யோசித்துப் பாருங்கள். நாலு தலைமுறையாக அதே கோயிலில் ஞானஸ்நானம் எடுத்த கிராமத்துக் குடும்பங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பிளாட் வாங்கி செட்டிலானவர்கள் (ஆயரை 'ஐயர்வாள்' என்று கூப்பிட்டு உள்ளூர்க்காரர்களைத் திகைக்க வைப்பவர்கள் இவர்கள்தான்). விடுதியிலிருந்து வரும் இருபது வயதுப் பெண்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, மணிப்பூரிலிருந்து வந்து தமிழ்ப் பாட்டுக்கு உதடசைக்கும் பையன்கள். ஒரே வரிசையில் ஹெச்.ஆர். மேனேஜரும் இருப்பார், அவர் கம்பெனியில் காண்டிராக்டில் இருக்கும் பையனும் இருப்பான். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அப்படி ஒரு ஞாயிறன்று இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஜெபம் செய்ய வேண்டிய ஆயருக்கு, தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

இடமாற்ற உத்தரவில் குருசேகரத்தின் பெயர் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் எட்டரை மணி ஆராதனையில் தூங்கித்தான் விழுவார் என்பது அதில் இருக்காது.

சரி, கொஞ்சம் சரித்திரம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் புராட்டஸ்டண்ட் மிஷன் வேலையில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, குறிப்பாக 'ஃப்ரீ சர்ச்' என்ற சுயாதீன சபைக்கு. அந்தச் சபை பிறந்த கதை தெரிந்தால் வேடிக்கையாக இருக்கும். ஸ்காட்லாந்தில் 1712 சட்டப்படி ஊர்ப் பிரபுவோ அரசோ ஒரு சபைக்கு யார் போதகர் என்று முடிவு செய்யலாம். 'எங்கள் போதகரை எங்கள் தலையில் யாரும் கட்டக்கூடாது' என்று ஆரம்பித்த சண்டை முற்றி, 1843 மே 18 அன்று எடின்பரோவில் பெரிய பிளவாக வெடித்தது. நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வெளியே போனார்கள். சென்னையில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகளும் அவர்கள் பக்கமே சேர்ந்தார்கள். அந்த வழியில் வந்தவர்தான் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ. தலித் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தை நச்சரித்தவர்களில் ஒருவர். 1891ல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையும் அடுத்த வருஷம் வந்த அரசாணையும் பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படும் விஷயத்துக்கு ஆரம்பம். ஆக, இந்த வட்டாரத்துக்குச் சுவிசேஷம் கொண்டு வந்தவர்களின் சபையே 'போதகரை யார் தீர்மானிப்பது' என்ற ஒரே கேள்வியில் பிறந்தது. கப்பல் ஏறி இங்கே வரும்போது அந்தக் கேள்வியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள் போல. ஸ்காட்லாந்து சபைக்கு இருந்த உரிமை செங்கல்பட்டு கிராமத்து சபைக்கு வந்து சேரவே இல்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நான்கு மரபுகள் சேர்ந்தன. கடைசி இரண்டிலும் சபையே போதகரை அழைப்பது வழக்கம். மெதடிஸ்டுகளில் மேலிடம் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நடைமுறையில் ஜெயித்தது மெதடிஸ்ட் பாணி. ஆனால் சி.எஸ்.ஐ. அமைப்புச் சட்டத்தில் மற்ற மரபுகளின் வாசனை ஓரிடத்தில் தங்கியிருக்கிறது. தன் ஆயரை நியமிப்பது பற்றிச் சபை தன் கருத்தைச் சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள கொள்கை. தேர்ந்தெடுக்கும் உரிமை அல்ல, சொல்லும் வாய்ப்பு. அந்த வாய்ப்பை எத்தனை சபைகள் எழுத்தில் பயன்படுத்தியிருக்கும்? 'இவரையே இன்னும் ஒரு வருஷம் விடுங்கள்' என்றோ 'இவரை உடனே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றோ கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதுதான் கருத்துச் சொல்வது என்று ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் ஒரு நடுவழி இருக்கிறது. அங்கே இன்னும் புரவலர் முறைதான். பேராயரோ, ஒரு கல்லூரியோ, அரச குடும்பமோகூடப் பெயரை முன்மொழியலாம். ஆனால் 1986ல் வந்த ஒரு சட்டப்படி, இடம் காலியானதும் சபைக் கமிட்டி கூடித் தங்கள் சபையின் நிலைமை, தேவை, மரபு ஆகியவற்றை விவரித்து ஒரு அறிக்கை தயாரிக்கிறது. சபையின் பிரதிநிதிகள் இரண்டு பேர் வரப்போகிறவரைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆளைக் கொண்டுவருவது மேலே, ஊரைச் சொல்வது கீழே. சி.எஸ்.ஐ.க்குப் பொருத்தமானது இதன் முதல் பாதி. அதற்கு அமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஜனவரி மாதத்தில் நாலு பக்கம் எழுதிப் பேராயர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினால் போதும்.

'இதெல்லாம் இங்கே வேலைக்காகாது, சபையில் தேர்தல் என்றாலே ஜாதியும் ஊரும் கோஷ்டியும் வந்துவிடும்' என்பார்கள். உண்மைதான். பேராயர் பதவிக்கான பேனலுக்குப் பேராய மன்றத்தில் ஓட்டுப் போடும்போது என்னென்ன நடக்கிறது, அதில் எத்தனை வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போகின்றன என்று பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆயரைத் தேர்ந்தெடுக்கவும் ஓட்டு என்றால் நாற்காலிகள் பறக்கும். ஆனால் விவரக் குறிப்பில் ஜெயிக்க எதுவும் இல்லை. அதில் ஒரு பெயரும் வராது. 'எங்களுக்கு இன்னார் வேண்டும்' என்ற வரி வந்தால் அடித்துவிடலாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நாலு பக்கத்தை யார் எழுதுவார்கள்? கமிட்டி எழுதினால் கமிட்டியில் இருப்பவர்களின் சபைதான் அதில் வரும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க உறுப்பினராகவும் சந்தா கட்டுபவராகவும் இருக்க வேண்டும். காண்டிராக்டில் வந்து, முடிந்ததும் வேறு கம்பெனிக்கோ சொந்த ஊருக்கோ போகிற பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அவள் உறுப்பினர் அட்டை திசையன்விளையிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். கணக்குப்படி அவள் இந்தச் சபையில் இல்லவே இல்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்றாலோ, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்துத் திண்டாடினாலோ, சூப்பர்வைசர் தொல்லை கொடுத்தாலோ அவள் தேடி வரக்கூடிய ஒரே பெரியவர் இந்த ஊர் ஆயராகவோ ஆயரம்மாவாகவோ இருக்கலாம். 1976லேயே பெண்களுக்கு ஆயர் பட்டம் கொடுக்க ஆரம்பித்த சபை இது. விடுதிகள் நிறைந்த ஒரு குருசேகரத்துக்குப் பெண் ஆயர் ஒருவர் வந்தால் எவ்வளவு உதவி என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தானே மேலே இருப்பவர்களுக்குத் தோன்றும்?

ஆகவே எழுதும் குழுவில் கமிட்டி ஆள் ஒருவர் போதும். காலனியிலிருந்து ஒருவர், விடுதியிலிருந்து ஒருவர், ஷிப்ட் வேலைக்காரர் ஒருவர், தமிழ் தெரியாத ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் (எழுதித் தர வேண்டுமே!) இருக்கட்டும். சந்தா பாக்கி பார்க்க வேண்டாம். கூட்டம் ஞாயிறு காலையில் வேண்டாம், ஷிப்ட் மாறும் நேரத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் கோயில் எந்த வருஷம் கட்டப்பட்டது, மூலைக்கல் நாட்டியவர் யார் என்பதை எழுத எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, எந்த விடுதியிலிருந்து எத்தனை மணிக்கு பஸ் கிளம்புகிறது என்பதில் ஆரம்பிக்கலாம்.