நடுவில் வெளியேறும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

மத்ரஸாக் கல்வி பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இரண்டு கேள்விகளிலேயே நின்றுவிடுகிறோம். அரசு தலையிடலாமா? பாடத்திட்டத்தை மாற்றலாமா? பாடசாலை ஆசிரியரான எனக்கு மூன்றாவது கேள்வியும் உண்டு. ஓதி முடிக்காமல் வெளியேறும் பிள்ளையின் நிலை என்ன?

தரம் 8 உடன் ஓதப்போன என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வந்தார். நான்கு வருடங்கள் ஓதியிருக்கிறார். "சேர், தொழிற்பயிற்சிக்குப் போனா ஓ.எல். ரிசல்ட் கேக்கிறாங்க" என்றார். கற்ற அரபு இலக்கணத்துக்கும் பிக்ஹுக்கும் சாட்சியாக அவரிடம் ஒரு தாளும் இல்லை.

மற்ற முஸ்லிம் நாடுகள் இதை எப்படிக் கையாண்டன?

எகிப்தில் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் அல்-அஸ்ஹரில் மருத்துவம், பொறியியல் பீடங்களைச் சேர்த்தது. கூடவே நிர்வாகத்தில் அரசின் பிடியும் இறுகியது.

பங்களாதேஷ் வேறு வழியில் சென்றது. தேவ்பந்த் மரபைப் பின்பற்றும் கவ்மி மத்ரஸாக்களின் இறுதிச் சான்றிதழான தவ்ரா ஹதீஸை, முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக 2018 இல் சட்டமாக்கியது. பாடத்திட்டம் உலமாக்களின் கையிலேயே இருந்தது. ஆனால் கீழ் வகுப்புகளுக்கு அந்தச் சட்டம் சமநிலை வழங்கவில்லை. உச்சிவரை ஏறியவர் பயனடைந்தார். இடையில் இறங்கியவர் வெறுங்கையுடன் நின்றார்.

இந்தோனேசியாவின் 2019 ஆம் ஆண்டு பெசந்திரன் சட்டம் இந்த இடத்தில் நமக்குப் பாடமாகிறது. கிதாபுகளை ஓதிக்கொடுக்கும் மரபை அது ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மட்டத்தையும் முடித்தவர் அடுத்த மட்டத்துக்கு, விரும்பினால் பொதுக் கல்விக்கும், செல்ல வழிசெய்தது.

நாம் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மார்க்கக் கல்வியையும் பட்டப்படிப்பையும் இணைக்கலாம் என்பதை 1973 இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா காட்டியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவும் இடமுண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் மத்ரஸாக்களும் இருக்கின்றன. அது எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். கணிதத்துக்கும் தாய்மொழிக்கும் நாளொன்றுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினால் ஹதீஸ் வகுப்பு குறைந்துவிடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்கும் முன் நிர்வாகத்திடம் கேளுங்கள்: "என் மகன் நடுவில் வந்துவிட்டால், எதைக் கொண்டு வருவான்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மத்ரஸாவைத் தெரிவுசெய்யுங்கள்.