சாரம் கட்டும் முன் ஒரு படம்

திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட ராஜராஜ சோழன், அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. கேமரா இல்லாத காலத்து ஏற்பாடு அது. இன்று திருப்பணி என்றால் தொடக்கத்தில் பாலாலய பூஜைக்கும் முடிவில் கும்பாபிஷேகத்துக்கும் படம் எடுக்கிறோம். நடுவில் கல்லுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் சாட்சியே இருப்பதில்லை.

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள கிளியனூர் அகத்தீஸ்வரர் கோயிலும், அதற்குக் கிழக்கே உப்பளக் கரையில் இருக்கும் மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்டவை. இப்படிப்பட்ட கோயில்களில் எழுத்துகள் சுவரில் மட்டுமல்ல, அடித்தளத்து ஜகதியிலும் குமுதத்திலும் ஓடும். தரையை உயர்த்திக் கிரானைட் பதித்தால் முதலில் புதைவது அந்த வரிகள்தான். மணல் வீச்சு எந்திரம் சுண்ணாம்போடு எழுத்தின் விளிம்பையும் சேர்த்தே தின்னும். உப்புக்காற்று வீசும் இந்தப் பக்கத்தில் சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து, செங்கல்லையும் சுதையையும் அரிக்கவிடும்.

பதிவு செய்வது பெரிய வித்தையல்ல, பொறுமை வேண்டிய வேலை. காலை வெயில் சுவரில் சாய்வாக விழும்போது எடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழும்பும். உச்சி வெயிலில் அதே கல் மொட்டையாகத் தெரியும். கல்லருகே ஓர் அளவுகோல், படத்துக்கு ஓர் எண், தேதி. வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். கழற்றிய கல்லை மாறாமல் பொருத்த ஸ்தபதிக்கும் இதுதான் துணை.

சீனாவில் இதைத் தவமாகச் செய்தவர்கள் கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் சிசெங், லின் ஹுய்யின் தம்பதி. 1937இல் வூத்தாய் மலையில் ஃபோகுவாங் கோயிலின் தூசும் வௌவாலும் மண்டிய கூரைக்குள் ஏறி அளந்தார்கள், படமெடுத்தார்கள். உத்தரத்தில் மங்கிக் கிடந்த மையெழுத்தை லின்னின் கண்தான் முதலில் பிடித்தது. அதை வைத்தே கோயில் 857ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று உறுதியாயிற்று. ஆனால் அவர்கள் குழு தியான்ஜின் வங்கிப் பெட்டகத்தில் பத்திரப்படுத்திய ஆவணங்கள் 1939 வெள்ளத்தில் நனைந்து பாழாயின. எடுத்தால் போதாது, பல பிரதிகள் பல ஊர்களில் இருக்க வேண்டும்.

நம்மிடமும் பாடம் உண்டு. நாகப்பட்டினத்தில் ‘சீனக் கோபுரம்’ எனப்பட்ட பழைய செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1878இல் வெளியிட்ட குறிப்பும் படமும்தான் அதன் தோற்றத்தை அறிய இன்று நமக்குப் பெரிதும் உதவுகின்றன. கிளியனூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீசுவரர் சிலையை அவர்கள் 1974இல் எடுத்த படம், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருந்தது களவுபோன சிலைதான் என்று காட்டியது. 2014இல் அது நாடு திரும்பியது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர், நாளை வழக்குக்கு உதவும் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஆகவே, பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே கோயில் முழுவதும் படமாகிவிட வேண்டும். மதிப்பீட்டில் மின்சாரத்துக்கும் வண்ணத்துக்கும் இருப்பதுபோல் இதற்கும் தனித் தொகை ஒதுக்க வேண்டும். படங்களின் ஒரு பிரதி கோயிலில், ஒன்று தொல்லியல் துறையில், இன்னொன்று ஊரார் கேட்டுப் பார்க்கும்படி நூலகத்தில். ஒப்பந்ததாரருக்கு முதல் தவணையை, இந்தப் பதிவு கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.