யூரியாவின் சூத்திரமும் கமக்காரரின் கணக்கும்

இரசாயனச் சூத்திரம் பாடசாலைப் பிள்ளைகளுக்குரியது, கமக்காரருக்கு ஏக்கருக்கு இத்தனை கிலோகிராம் என்று கூறிவிட்டாற் போதும் என்பது பலருடைய எண்ணம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பசளைக்குப் பணங் கொடுப்பவர் கமக்காரரே. தாம் வாங்குவது யாது என்பதை அறியவேண்டியவரும் அவரே. அதற்கு வேண்டியது நெல்மூடை எண்ணத் தெரிந்தவருக்குத் தெரிந்த கணக்கேயன்றி வேறன்று.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். நூல்களில் உரோம எழுத்துக்களால் எழுதப்படும் அதன் சூத்திரத்தை, காபனுக்குக் 'கா', ஒட்சிசனுக்கு 'ஒ', நைதரசனுக்கு 'நை', ஐதரசனுக்கு 'ஐ' எனக் கொண்டு எழுதினால் காஒ(நைஐ₂)₂ என வரும். எழுத்தின் கீழே நிற்கும் சிற்றெண் அவ்வெழுத்துக்கு மாத்திரம் உரியது. எண் இல்லாவிடின் அணு ஒன்று. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண்ணோ உள்ளேயுள்ள யாவற்றையும் பெருக்கும்; படித்தவர்களும் தவறுமிடம் இதுவே. உள்ளே நைதரசன் 1, ஐதரசன் 2. அவற்றை 2 ஆற் பெருக்க நைதரசன் 2, ஐதரசன் 4. காபன் ஒன்றும் ஒட்சிசன் ஒன்றும் சேர, ஒரு மூலக்கூற்றில் அணுக்கள் 8.

அமோனியம் சல்பேற்று, கந்தகத்துக்குக் 'கந்' என எழுதின், (நைஐ₄)₂கந்ஒ₄ ஆகும். இதில் நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4, ஆக 15.

இரண்டிலும் நைதரசன் அணு இரண்டே. அவ்வாறாயின் இரு மூடைகளும் சமமோ? அல்ல. ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, கந்தகம் 32 என்னும் அணுநிறைகளைக் கூட்டிப் பார்த்தால் யூரியா 60, அமோனியம் சல்பேற்று 132. முன்னதில் 60 இல் 28 நைதரசன். பின்னதில் 132 இலும் அதே 28 தான். விற்பனைக்கு வரும் பசளையில் இது ஏறத்தாழ 46 வீதமும் 21 வீதமும் ஆகும். 50 கிலோகிராம் மூடையில் யூரியா 23 கிலோகிராம் நைதரசனைத் தரும், மற்றது 10.5 கிலோகிராம் மாத்திரமே தரும். ஆகவே அமோனியம் சல்பேற்று மூடையின் விலை யூரியா மூடையின் விலையிற் பாதியிலும் சற்றுக் குறைந்தாலன்றி, நைதரசனைப் பொறுத்தவரை அது மலிவன்று.

அணுக்கணக்கு எல்லாவற்றையும் கூறிவிடாது என்பதும் உண்மையே. கந்தகமும் பயிருக்கு உணவு. அமோனியம் சல்பேற்று தொடர்ந்து இடப்படும் மண் புளிப்புறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலத்தில் மேலே தூவி விடப்பட்ட யூரியாவின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும்; அதனை மண்ணோடு கலத்தல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதைக் கமக்காரர் மறந்திரார். அவ்விடைக்காலத்தில் நைதரசன் திரவப் பசளையும் நாட்டுக்குள் வந்தது. அரை லீற்றர்ப் போத்தலில் 4 வீதம் நைதரசன் எனின் அது 20 கிராம். ஒரு யூரியா மூடைக்கு ஈடாக இத்தகைய போத்தல்கள் 1,150 வேண்டும். இலைமேல் தெளிப்பது மண்ணில் இடுவதிலும் வீண்போகாது என வாதிப்பார் உளர். வீண்போகாதென்றே கொள்வோம். ஒரு தொன் நெல் விளையப் பயிர் எடுக்கும் நைதரசன் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம். அதிற் பெரும்பங்கை மண்ணே கொடுத்தாலும், எஞ்சியதை 20 கிராம் எவ்வாறு நிரப்பும்?

போத்தலாயினும் மூடையாயினும், விலையைக் கேட்குமுன் நைதரசன் வீதத்தையும் நிகர நிறையையும் கேட்டு, இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். வீதம் குறிக்கப்படாத பசளையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.