பொம்மைப் புத்தகம்

என் சிநேகிதர் ஒருவர், கல்லூரியில் பொருளாதாரம் போதித்து ஓய்வு பெற்றவர், சென்ற வாரம் என் மேஜை மேலிருந்த ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்ன ஓய், இந்த வயதில் பொம்மைப் புத்தகமா?" என்று சிரித்தார். அது ஆராய்ச்சிப் புத்தகம் என்றேன். சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது.

புத்தகத்தின் பெயர் 'ஆஃப்டர் மரியா'. 2017 செப்டம்பர் 20-ல் மரியா என்ற சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடிற்று. ஜெம்மா சூ என்ற ஆராய்ச்சியாளர் அங்கே ஏழைக் குடும்பங்களிடம் கேட்டறிந்ததை, ஜான் செய் டக்ளஸ் வரைந்த படங்களோடு, ஒரு குடும்பத்தின் கதையாக்கி 2019-ல் வெளியிட்டார். ஸ்பானிஷிலும் வந்தது. அதாவது, யாரைப் பற்றிய ஆராய்ச்சியோ, அவர்களே படிக்கலாம். எத்தனை ஆராய்ச்சிகளுக்கு இந்தப் பாக்கியம் உண்டு?

"துயரத்தைக் கேலிச் சித்திரமாக்குவது அவமரியாதை. ஆராய்ச்சி என்றால் எண்ணிக்கை வேண்டும், அட்டவணை வேண்டும்" என்றார் சிநேகிதர்.

எண்ணிக்கையையே பார்ப்போம். இறந்தவர் 64 பேர் என்றுதான் அரசாங்கம் மாதக்கணக்கில் சொல்லி வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலை கணக்கிட்ட பிறகு, 2018 ஆகஸ்டில் அது 2,975 ஆயிற்று. தவறைத் திருத்தியதும் எண்ணிக்கைதான்; நான் மறுக்கவில்லை. ஆனால் இடையிலிருந்த அத்தனை பேரும் காற்றடித்த அன்றா செத்தார்கள்? மின்சாரமும் வைத்தியமும் இல்லாமல் நகர்ந்த மாதங்கள் இருக்கின்றனவே, அவை கொன்றவர்கள் எத்தனை பேர்! அந்த மாதங்களைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் தங்கியிருப்பதில்லை.

வீட்டுக்குப் பத்திரம் இல்லை என்று ஃபீமா என்ற நிவாரண இலாகா எத்தனையோ பேரின் மனுவைத் தள்ளிவிட்டது. தலைமுறையாகக் கைமாறி வந்த வீட்டுக்குப் பத்திரத்தை எங்கே தேடுவது? அறிக்கையில் இது ஒரு வரி. சித்திரக்காரனோ முதல் கட்டத்தில் கூரைமேல் நீலத் தார்ப்பாயைப் போடுகிறான். பத்தாவது கட்டத்தில் குழந்தை வளர்ந்திருக்கிறது, தார்ப்பாய் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தை வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு ஓர் அத்தியாயம் பிடிக்கும். பொறாமையாகத்தான் இருக்கிறது!

இன்னொன்று. புகைப்படம் எடுத்தால் அந்தத் தாயின் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். சித்திரம் முகத்தை மாற்றிவிட்டு, அவள் பட்ட பாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதில் எது மரியாதை?

படம் போட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். நிவாரண இலாகாவே ஆள் வைத்து வரைந்தால், எல்லோரும் புது வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட விளம்பரத்தைத் திட்டும் ஐயா, நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்காகச் சித்திரத்தையே ஏன் திட்டுகிறீர்?

சிநேகிதர் பதில் சொல்லவில்லை. போகும்போது புத்தகத்தை இரவல் கேட்டார். அட்டை தெரியாதபடி தினசரித் தாளில் சுற்றித்தான் எடுத்துப் போனார்.