வேலை தெரிந்த நாவல்கள்

தமிழ் நாவல்களில் வரும் பலருக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கும். அவர்கள் அதைச் செய்வதை மட்டும் பார்க்க முடியாது. காலையில் ஆலைக்குப் போனவன் அடுத்த வரியிலேயே வீடு திரும்பிவிடுவான். காதல், கல்யாணம், சொத்துத் தகராறு எல்லாம் வேலை முடிந்த பிறகுதான் நடக்கும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, டி. செல்வராஜின் ‘தோல்’, சோ. தர்மனின் ‘சூல்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒருவருக்கு அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது உறைக்கும். இந்த நான்கிலும் வேலைதான் கதை.

1979-இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. பொன்னாச்சியும் அவள் தம்பி பச்சையும் பிழைப்புத் தேடி அளத்துக்கு வருகிறார்கள். பாத்தியில் இறங்கும் கால் உப்புநீரில் வெடிக்கிறது; வெள்ளை வெயில் கண்ணைக் கெடுக்கிறது; மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. இவ்வளவும் தகவலாக அல்ல, பொன்னாச்சியின் உடம்பு வழியாகவே வாசகருக்கு வந்து சேர்கின்றன. ராஜம் கிருஷ்ணன் உப்பளத்தில் பிறந்தவர் அல்லர், முசிறிக்காரர். எழுதப்போகும் மக்களிடம் போய்த் தங்கி, பேசி, கேட்டு எழுதுவது அவர் வழக்கம். நீலகிரி படகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித்தேன்’, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கூட்டுக்குஞ்சுகள்’ எல்லாம் அப்படி வந்தவையே. அவருடைய உரைநடையில் அழகு குறைவு என்று சொல்லி அவரைக் கடந்துபோகும் விமர்சனம் நியாயமற்றது. பெண் ஒருத்தி அளத்தில் கூலியையும் மானத்தையும் ஒரே ஆளிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலையை இத்தனை நேராக எழுதியவர்கள் குறைவு.

‘தோல்’ திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை. 2010-இல் வெளிவந்து, 2012-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. செல்வராஜ் அந்த ஊரில் வழக்கறிஞராக இருந்தவர், பொதுவுடைமை இயக்கத்தவர். முன்பணத்துக்கு உடலை அடகு வைத்தவர்கள் சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் புரட்டும் பக்கங்களைப் படித்தபின், காலில் இருக்கும் செருப்பையும் கையில் இருக்கும் பையையும் முன்போலப் பார்க்க முடியாது. முதலாளி வீட்டு ஆளை எதிர்த்து நிற்கும் ஓசேப்பு நினைவில் தங்குகிறான். ஆனால் சங்கம் உருவாகத் தொடங்கியதும் நாவலில் பேச்சு கூடுகிறது, குழி மறைகிறது. போராட்டம் வெல்ல வேண்டும் என்ற ஆசிரியரின் ஆசை நேர்மையானதுதான். அதற்காக ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, ஒவ்வொருவருடைய முகத்தையும் மங்கவிட்டிருக்க வேண்டாம்.

‘சூல்’ வேறு வகை. 2016-இல் வந்த இந்த நாவலுக்கு 2019-இன் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கதையின் களம் தர்மனின் சொந்த ஊரான உருளைக்குடி. எட்டயபுரம் சமஸ்தான காலத்துக் கரிசல் கிராமத்தில் ஒரு கண்மாய்தான் தலைமைப் பாத்திரம். கோடையில் ஊரே கூடி அதைத் தூர் வாருவதும், எடுத்த கரம்பை மண் வயலுக்கு உரமாவதும், தண்ணீரை மடை திறந்து முறைப்படி விடுவதற்கென்றே ஒருவர் இருப்பதும் ஒரு பெரிய குடும்பத்தின் அன்றாடம்போல விரிகின்றன. தண்ணீரைச் சுமக்கும் கண்மாய்க்குச் சூல் என்று பெயர் வைத்ததிலேயே தர்மனின் கண் தெரிகிறது. பறவை, மீன், மரம், குலசாமி எதையும் அவர் பின்னணியாக வைப்பதில்லை.

கடைசிப் பகுதியில் நாடு விடுதலை அடைகிறது. கண்மாய் ஊரின் கையைவிட்டு அரசின் கைக்குப் போகிறது. அங்கே நாவல் அவசரப்படுகிறது. தர்மனின் கோபம் முழுக்கச் சரியானது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லப்படும் காலத்தில் அவற்றில் பல சீமைக்கருவேல் அடைந்து கிடப்பதைப் பார்க்கும் யாருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனாலும் முந்நூறு பக்கத்துக்கு மேல் பொறுமையாகக் கட்டியதை உடைக்கவும் அதே பொறுமை வேண்டியிருந்தது. ஒரு ஊர் தன் வேலையை எப்படி மறந்தது என்பதுதான் இன்னும் எழுதப்படாமல் இருக்கும் பாதி.

நான்கில் முதலிடம் ‘ஆழி சூழ் உலகு’க்கே. 2004-இல் வெளிவந்த அது ஜோ டி குரூஸின் முதல் நாவல் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. உவரியில் பிறந்து கப்பல் துறையில் பணிபுரிந்தவர் அவர். ஆமந்துறை என்னும் பரதவர் கிராமத்தின் 1933 முதல் 1985 வரையிலான வாழ்க்கையை மூன்று தலைமுறைகளுக்கு விரிக்கிறார். முதல் ஐம்பது பக்கங்களில் வட்டார மொழி வாசகரைத் தடுமாற வைக்கும். பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், மூடக்கூடாது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் கட்டுமரக்காரன் உயிரோடு கரை திரும்ப முடியாது. அந்தப் பெயர்களைப் பொதுத்தமிழில் மாற்றி எழுதியிருந்தால் கடலே மாறியிருக்கும். காகு சாமியார் போன்ற பாதிரியாரின் அன்பையும், சபையின் அதிகாரத்தையும், ஊர்ச்சண்டைகளின் மூர்க்கத்தையும் தன் மக்கள் என்பதற்காக மறைக்காமல் எழுதிய துணிவு பெரிது.

அந்த நாவலின் முதுகெலும்பு ஒரு விபத்து. கட்டுமரம் சிதைந்து, மிச்சமான மரத்தைப் பிடித்தபடி கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை என்ற மூன்று பேர் நடுக்கடலில் மிதக்கிறார்கள். கிழவர் ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவர், வாழ வேண்டிய இளைஞன் ஒருவன். பசியும் தாகமும் உப்புநீரும் உடலைத் தின்னும்போது, மரத்தைப் பிடித்திருக்கும் கைகள் இத்தனை ஆண்டுகளாகத் துடுப்புப் போட்ட கைகள் என்பது வாசகருக்குத் தெரியும். ஊரின் கதை முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு முறையும் அந்த மரத்துக்கே திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.